பழைய காரின் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு எந்தப் பூச்சு நிற்கும்?

கேள்வி இதுதான்: 1960களில் வந்த கார் ஒன்றைப் புதுப்பிக்கிறீர்கள். எஞ்சினிலிருந்து வார்ப்பிரும்பு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை, அதாவது சிலிண்டர்களின் புகையைச் சேர்த்துப் புகைக்குழாய்க்கு அனுப்பும் பாகத்தை, கழற்றியாயிற்று, உடம்பெல்லாம் துரு. ஸ்ப்ரே பெயின்ட் அடிப்பதா, செராமிக் கோட்டிங் கொடுப்பதா, கறுப்பு எனாமல் சுட்டு வாங்குவதா, இல்லை சுத்தம் செய்து அப்படியே மாட்டிவிடலாமா?

என் பதில்: எப்போதாவது வெளியே எடுக்கும் வண்டி, கம்பெனியிலிருந்து வந்தபோதே வெறும் இரும்பாக வந்தது என்றால், வார்ப்பிரும்பு நிறத்தில் சிலிக்கோன் பெயின்ட் போதும். அடிக்கடி நெடுந்தூரம் ஓடும் வண்டிக்கு மேட் செராமிக். ஜாகுவார் எக்ஸ்கே எஞ்சின் மாதிரி முதலிலேயே கறுப்பு எனாமலோடு வந்ததற்கு எனாமல்தான். ஆனால் கார்புரேட்டரும் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கருவி) டைமிங்கும் (ஸ்பார்க் பிளக் பொறி விடும் நேரம்) ஒழுங்காக இருந்தால் மட்டுமே அதற்குச் செலவு செய்யுங்கள். எதைத் தேர்ந்தாலும், பூச்சு உரிவதற்குக் காரணம் பெரும்பாலும் பூச்சு அல்ல. அதற்கு அடியில் விட்ட எண்ணெயும் துருவும், அவசரமாகக் கொடுத்த முதல் சூடும்தான்.

நிறத்தைப் பற்றி யோசிக்கும் முன் சூட்டைப் பற்றி யோசியுங்கள். சாதாரண ஓட்டத்தில் மேனிஃபோல்டின் வெளிப்புறம் 300 முதல் 450 டிகிரி செல்சியஸ் வரை போகும். ஏற்றத்தில் அழுத்தி ஓட்டினாலோ, கலவையில் பெட்ரோல் குறைந்தாலோ, டைமிங் பின்தங்கினாலோ 600ஐத் தாண்டும். இருட்டில் மேனிஃபோல்டு மங்கிய சிவப்பாகத் தெரிகிறது என்றால் அது 525 டிகிரியைக் கடந்துவிட்டது என்று அர்த்தம். ஒவ்வொரு சிலிண்டரிலிருந்தும் வரும் வழிகள், அதாவது போர்ட்டுகள், ஒன்றுசேரும் இடம்தான் மிகச் சூடானது. இரண்டு ஓரத்து ஃபிளாஞ்சுகளும் (நட்டுப் போட்டு இறுக்கும் தட்டையான விளிம்புகள்) அதைவிடக் குளிர்ந்தே இருக்கும். ஒரே வார்ப்பில் நூறு இருநூறு டிகிரி வித்தியாசத்தை அந்தப் பூச்சு தாங்கியாக வேண்டும்.

இன்னொன்று நீளம். வார்ப்பிரும்பு சூட்டில் நீள்கிறது. 60 சென்டிமீட்டர் நீளமுள்ள மேனிஃபோல்டு 500 டிகிரி ஏறும்போது 3 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாகவே நீளும். எஞ்சினை அணைத்ததும் சுருங்கும். ஒவ்வொரு பயணத்திலும் இது நடக்கிறது. அதனால்தான் தடிமனான பூச்சு வெடிக்கிறது, மெல்லியது நிற்கிறது. நாலு கோட் அடித்தால் நாலு மடங்கு உழைக்கும் என்று நினைப்பது இங்கே நேர் எதிராகத்தான் முடியும்.

இனி ஒவ்வொன்றாக.

வெறும் இரும்பாக விடுவது தவறல்ல. பல கார்கள் அப்படித்தான் தொழிற்சாலையிலிருந்து வந்தன. அமெரிக்க வண்டிகளில் எஞ்சினுக்கு மொத்தமாக நிறம் அடிக்கும்போது மேனிஃபோல்டின் ஓரங்களிலும் தூவல் படும். செவர்லே வி8களின் ஆரஞ்சு நிறம் அப்படிப் பட்டு, சில நாட்களிலேயே எரிந்துபோனது. அசல் தோற்றம் வேண்டுபவர்கள் அந்தத் தூவலைக்கூடத் திரும்ப அடிக்கிறார்கள். வெறும் இரும்பின் சிக்கல் ஈரம். பிளாஸ்டிங் செய்த, அதாவது அழுத்தக் காற்றில் துகள்களை வீசி அடித்துச் சுத்தம் செய்த, இரும்பு ஈரக் காற்றில் சில மணி நேரத்திலேயே மஞ்சளாகிவிடும். விரலால் தேய்த்தால் பொடி வரும் அந்தத் துரு உலோகத்துக்குக் கெடுதல் செய்வதில்லை, பார்வைக்குத்தான் உறுத்தும். கிராஃபைட் பசையை, அதாவது இரும்பு அடுப்புகளுக்குப் பூசும் கறுப்பு மெருகை, துணியால் தேய்த்துவிட்டால் வார்ப்பின் சொரசொரப்பு மறையாமல் கருஞ்சாம்பல் நிறம் கிடைக்கும். சூடான இடங்களில் கிராஃபைட் மெல்ல எரிந்து போகும் என்பதால் அவ்வப்போது மறுபடி தேய்க்க வேண்டும். கண்காட்சிக்கு மட்டும் போகும் வண்டிக்கு இது அருமையான வழி. எண்ணெய் தடவிச் சூடாக்கிக் கறுக்க வைக்கும் முறையை நான் பரிந்துரைப்பதில்லை. முதல் நெடுந்தூர ஓட்டத்திலேயே அது புகைந்து போய்விடும், நாற்றம் வண்டிக்குள் வரும்.

சிலிக்கோன் பெயின்ட், அதாவது டப்பாவில் கிடைக்கும் ஹை டெம்பரேச்சர் ஸ்ப்ரே. இதன் சூட்சுமம் தெரிந்தால்தான் சரியாக அடிக்க முடியும். சிலிக்கோன் பிசினில் இருக்கும் கரிமப் பகுதி சூட்டில் போய்விடும். மிஞ்சும் சிலிக்கா வலைதான் நிறத்துகளை இரும்போடு பிடித்துக்கொள்கிறது. ஆகவே படிப்படியாகச் சூடாக்காத பெயின்ட் பாதி வெந்த சோறு மாதிரி: தொட்டால் காய்ந்தது போலிருக்கும், ஒரு சொட்டு பெட்ரோல் பட்டால் கரைந்து வரும். டப்பாவில் 1,000 டிகிரி என்று போட்டிருந்தால் அது சற்று நேரம் தாங்கும் அளவு. நாள் முழுக்க அந்தச் சூட்டில் நிற்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அலுமினியத் துகள் கலந்த வெள்ளி நிறம் கறுப்பை விடப் பொதுவாக நீண்ட நாள் உழைக்கும். சிவப்பு, நீலம் போன்ற நிறங்கள் போர்ட்டுகள் சேரும் இடத்தில் சீக்கிரம் வெளிறும். வார்ப்பிரும்பு சாம்பல்தான் என் முதல் தேர்வு. அழுக்கும் லேசான துருவும் அதில் தனித்துத் தெரிவதில்லை, தேய்ந்த இடத்தில் மறுபடி அடித்தாலும் ஒட்டுப்போட்டது தெரியாது.

செராமிக் கோட்டிங்கில் இரண்டு இனங்கள் உண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பலர் ஏமாறுகிறார்கள். பளபளப்பான வெள்ளி வகை அலுமினியம் கலந்தது. உருட்டி மெருகேற்றிப் பளபளக்க வைப்பார்கள். ஏறத்தாழ 700 டிகிரிக்கு மேல் அது ஒளியிழந்து சாம்பல் பூத்துவிடும். குழாய் ஹெடர்களுக்கு (வார்ப்புக்குப் பதில் குழாய்களை வளைத்துச் செய்தவை) அழகு. 1960களின் வார்ப்பிரும்பின் மேல் பார்த்தால் அந்நியமாக இருக்கும். மேட் கறுப்பு, மேட் சாம்பல் வகைகள் அதைவிட அதிகச் சூட்டைத் தாங்கும், பார்வைக்கும் பழைய வண்டியோடு ஒத்துப்போகும். உள்பக்கமும் பூசச் சொன்னால் வார்ப்புக்குள் போகும் சூடு குறையும். பானெட்டுக்குள் அனல் குறைவது கார்புரேட்டரில் பெட்ரோல் கொதிக்கும் தொல்லை உள்ள வண்டிகளுக்கு நல்ல உதவி. டர்போ (எக்ஸாஸ்ட் வாயு சுழற்றும் காற்றழுத்தி) உள்ள எஞ்சினில் மட்டும் உள்பூச்சுக்கு யோசியுங்கள். உரிந்து வரும் ஒரு பொறுக்கு டர்பைன் இறக்கையில் மோதும்.

எனாமல் என்பது கண்ணாடி. அரைத்த கண்ணாடிப் பொடியைப் பூசி, 800 டிகிரி அளவில் உலையில் உருக்கி ஒட்ட வைக்கிறார்கள். வார்ப்பிரும்புக்கு அடிப்பூச்சு, மேல்பூச்சு என இரண்டு முறை சுட வேண்டும். சரியாக வந்தால் இதற்கு இணையான பளபளப்பு வேறெதிலும் இல்லை. துணியால் துடைத்தால் புதிது போலிருக்கும், துரு அண்டாது. ஆனால் கண்ணாடிக்கு உள்ள எல்லா பலவீனமும் இதற்கும் உண்டு. ஸ்பேனர் நழுவி விழுந்தால் சில்லு தெறிக்கும். சூடான எஞ்சினில் தண்ணீர் பீய்ச்சினால் நூல் நூலாக விரிசல் ஓடும். டைமிங் பின்தங்கிய எஞ்சினில் மாட்டினால் போர்ட்டுகளுக்கு அருகே பளபளப்பு போய், சொரசொரத்து, பிறகு உதிரும்.

எனாமலில் கவனிக்க வேண்டியவை இன்னும் உண்டு. பழைய வார்ப்பிரும்பின் நுண்துளைகளில் எண்ணெயும் கரியும் ஊறிக் கிடக்கும். சுடும்போது அவை வாயுவாகக் கிளம்பி எனாமலைக் கொப்புளமாக்கும். அதனால் முன்கூட்டியே உலையில் ஒருமுறை வெறுமனே சுட்டு எரித்துவிட்டீர்களா என்று பூசுபவரிடம் கேளுங்கள். வெண்கலத்தை உருக்கி ஒட்டும் பிரேசிங் செய்து விரிசல் அடைத்த மேனிஃபோல்டை எனாமலுக்குக் கொடுக்க வேண்டாம்: பிரேசிங் இளகும் சூடும் எனாமல் சுடும் சூடும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. உலைச் சூட்டில் வார்ப்பு சற்று வளையும் என்பதால், ஃபிளாஞ்ச் முகங்களைச் சுட்ட பிறகுதான் மெஷினில் மட்டம் பிடிக்க வேண்டும். முதலில் மட்டம் பிடித்து அனுப்பினால் அந்தக் கூலி வீண். வார்ப்பு எண்ணும் தேதிக் குறியும் முக்கியம் என்றால் முன்பே படம் எடுத்து வையுங்கள். எனாமல் தடிப்பானது, சின்ன எழுத்துகளை நிரப்பிவிடும்.

ஒதுக்க வேண்டியவை: சாதாரண பவுடர் கோட்டிங் இந்தச் சூட்டில் கருகும். துத்தநாகப் பூச்சு கூடவே கூடாது. துத்தநாகம் 419 டிகிரியிலேயே உருகும், அதன் புகை நுரையீரலுக்கு ஆபத்து. நிக்கல், குரோமியம் முலாம் வார்ப்பிரும்பின் துளைகளில் கரைசலைத் தேக்கிப் பின்னால் கசியும், சூட்டில் நீலமும் மஞ்சளும் பாயும். மேனிஃபோல்டைச் சுற்றிக் கட்டும் ஹீட் ரேப் துணியும் வேண்டாம். ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், வார்ப்பைத் தேவைக்கு மேல் சூடேற்றி விரிசலுக்கு வழி செய்யும்.

இப்போது முன்தயாரிப்பு. நேரத்தில் முக்கால்வாசி இங்கேதான் போக வேண்டும்.

பூசுவதற்கு முன் மேனிஃபோல்டு முழுசாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு கம்பியில் தொங்கவிட்டு, சின்னச் சுத்தியலால் மெதுவாகத் தட்டுங்கள். நல்ல வார்ப்பு மணி போல ரீங்கரிக்கும்; விரிசல் இருந்தால் ஓட்டைப் பானை ஒலிதான் வரும். சந்தேகம் இருந்தால் அந்த இடத்தில் மண்ணெண்ணெய் தடவிச் சற்று நேரம் ஊறவிட்டு, நன்றாகத் துடைத்துக் காயவைத்து, சாக்பீஸ் பொடியைப் பூசுங்கள். விரிசலுக்குள் நின்ற மண்ணெண்ணெய் வெளியே ஊறி, வெள்ளைப் பொடியில் மயிரிழை போல ஈரக்கோடு விழும். போர்ட்டுகள் பிரியும் மூலைகளிலும் டவுன்பைப் (மேனிஃபோல்டிலிருந்து கீழிறங்கும் குழாய்) ஃபிளாஞ்சின் கழுத்திலும்தான் முதலில் பாருங்கள். விரிசல் இருந்தால் நிக்கல் ராடு கொண்டு, முன்சூடு கொடுத்து, மெல்ல ஆறவிட்டு வெல்டிங் செய்பவரிடம் போக வேண்டும். இதெல்லாம் பூச்சுக்கு முன். பூசிய பிறகு விரிசல் தெரிந்தால் எல்லாமே மறுபடி.

அடுத்து மட்டம். நேர்பட்டையை எல்லா ஃபிளாஞ்சுகளின் மீதும் வைத்து ஃபீலர் கேஜை (அளவு குறித்த மெல்லிய தகடு) நுழைத்துப் பாருங்கள். உங்கள் வண்டியின் கையேட்டில் அளவு இருந்தால் அதுதான் முடிவு, இல்லாவிட்டால் 0.15 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால் மட்டம் பிடிக்கக் கொடுத்துவிடுவது நல்லது.

பழைய கேஸ்கெட்டை, அதாவது இரண்டு முகங்களுக்கு நடுவே கசிவைத் தடுக்கும் தகட்டை, சுரண்டும்போது ஓர் எச்சரிக்கை. அந்தக் காலத்து கேஸ்கெட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. வயர் பிரஷ் போட்டு உலர்ந்த தூசி கிளப்பாதீர்கள். தண்ணீரில் நனைத்து, தட்டைக் கத்தியால் எடுத்து, ஈரத்தோடேயே பையில் கட்டிவிடுங்கள்.

எண்ணெய் எடுப்பதற்குத் தின்னர் மட்டும் போதாது. துளைகளுக்குள் இருப்பதை வெளியே கொண்டுவரச் சூடுதான் வழி. 250 முதல் 300 டிகிரியில் ஒன்றிரண்டு மணி நேரம் வைத்தால் மேற்பரப்பில் பழுப்புத் திட்டுகள் வியர்த்து நிற்கும். சமைக்கும் ஓவனை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. பட்டறைக்கு என்று தனி ஓவன் வேண்டும், காற்றோட்டமும் வேண்டும். ஆறியதும் பிளாஸ்டிங். 80 முதல் 120 கிரிட் அலுமினியம் ஆக்சைடு சரியான சொரசொரப்பைத் தரும், பெயின்டுக்கு அதுதான் பிடிமானம். கண்ணாடி மணி கொண்டு அடித்தால் மேற்பரப்பு அடித்து மழமழவென்றாகிவிடும். வெறும் இரும்பாக விடுவதற்கு அது நல்லது, பூசுவதற்கு அல்ல. ஆற்று மணல் கொண்டு அடிக்க வேண்டாம், அதன் தூசி நுரையீரலில் சிலிகோசிஸ் நோயைக் கொண்டுவரும். ஸ்டட் (நட்டு ஏறும் கம்பி) மரைகள், ஃபிளாஞ்ச் முகங்கள், சோக்குக்குச் சூடு கொண்டுபோகும் குழாயின் துளை ஆகியவற்றை முன்பே அடைத்துவிடுங்கள். ஹீட் ரைசர் வால்வு (குளிர்ந்த எஞ்சினில் எக்ஸாஸ்ட் சூட்டை இன்லெட் பக்கம் திருப்பும் மடல்) இருந்தால் கழற்றிவிடுங்கள். அதன் தண்டில் ஒரு துகளோ ஒரு சொட்டு பூச்சோ சிக்கினால் மடல் திறந்தபடியோ மூடியபடியோ இறுகிப்போகும். பிளாஸ்டிங் முடிந்ததும் உள்பாதைகளை அழுத்தக் காற்றால் ஊதுங்கள், தலைகீழாகத் திருப்பித் தட்டுங்கள், மறுபடி ஊதுங்கள். இரண்டாம் முறை தட்டும்போதும் துகள் விழும்.

பிறகு அசிட்டோனில் நனைத்த வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணி வெள்ளையாகவே வரும்வரை துடைக்க வேண்டும். அதற்குப் பின் வெறுங்கையால் தொடாதீர்கள். விரல் பட்ட இடம் பெயின்ட் சுட்ட பிறகு ரேகையோடு உரிவதைப் பார்க்கலாம். ஈரப்பதம் உள்ள நாளாக இருந்தால் நாலு மணி நேரத்துக்குள் முதல் கோட் விழுந்துவிட வேண்டும்.

துருவைக் கறுப்பாக மாற்றும் திரவங்களை இதன் அடியில் பூசாதீர்கள். கார் பாடிக்கு நல்ல பொருள்தான். இந்தச் சூட்டில் அந்தப் படலமே சிதைந்து, மேலே உள்ள பெயின்டையும் கூட்டிக்கொண்டு வரும். சாதாரண பிரைமரும் அப்படித்தான்.

ஸ்ப்ரே அடிப்பது எளிது. முதலில் உள்மூலைகள், விலாக்கள், பின்பக்கம், வெளிமுகம் கடைசியில். இரண்டு மெல்லிய கோட், பத்து நிமிட இடைவெளி, பின் சற்றே ஈரமான ஒரு கோட். மொத்தம் 40, 50 மைக்ரானுக்கு மேல் வேண்டாம். ஆறு சிலிண்டர் மேனிஃபோல்டுக்கு ஒரு டப்பா தாராளம். வழிந்த இடம் இருந்தால் அதைத் துடைத்தெடுத்துவிட்டு மறுபடி அடியுங்கள். அந்த வழிசல்தான் முதலில் கொப்புளிக்கும்.

சூடேற்றும் முறைக்கு டப்பாவில் உள்ளதே விதி. பொதுவாக ஓவனில் 120 டிகிரியில் அரை மணி, ஆறவிட அரை மணி. 200 டிகிரியில் அரை மணி, ஆற அரை மணி. 315 டிகிரியில் அரை மணி. ஓவன் இல்லையென்றால் வண்டியில் மாட்டி ஐடிலிங்கில் 10 நிமிடம் ஓட்டி 20 நிமிடம் ஆறவிட வேண்டும், பிறகு 20 நிமிடம் ஓட்டி 20 நிமிடம் ஆறவிட்டு, கடைசியாக 30 நிமிடம் ஓட்டலாம். புகையும் நாற்றமும் வரும், பயப்பட வேண்டாம். ஆனால் மூடிய ஷெட்டில் செய்யாதீர்கள்: பெயின்ட் புகையோடு எக்ஸாஸ்ட் வாயுவும் சேரும்.

எஞ்சினை முழுக்கப் பிரித்து புதுக் கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) போட்டவர்கள் இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். தட்டையான டேப்பெட் (கேம்ஷாஃப்டில் உரசி வால்வைத் தள்ளும் துண்டு) உள்ள எஞ்சினில் புதுக் கேம்ஷாஃப்டைப் பழக்குவதற்கு முதல் ஸ்டார்ட்டிலேயே 2,000 முதல் 2,500 ஆர்பிஎம்மில் இருபது நிமிடம் ஓட்டுவார்கள். கார்புரேட்டர் இன்னும் ட்யூன் ஆகியிருக்காது, டைமிங் தோராயமாக இருக்கும், எதிர்க்காற்றும் கிடையாது. மேனிஃபோல்டு சிவந்துவிடும். புது எனாமலோ புது செராமிக்கோ அந்த இருபது நிமிடத்தில் பாழாகும் வாய்ப்பு அதிகம். முதல் ஓட்டத்துக்கு ஒரு பழைய மேனிஃபோல்டைப் போடுங்கள், ட்யூனிங் முடிந்த பிறகு பூசியதை மாட்டுங்கள். இரண்டு தரம் நட்டு கழற்றி மாட்டும் சிரமம்தான், ஆனால் பூச்சு பிழைக்கும்.

மாட்டும்போது நட்டும் வாஷரும் உட்காரும் இடத்தில் பூச்சு இருக்கக் கூடாது. சூட்டில் அந்தப் படலம் நசுங்கி நட்டு தளர்ந்துவிடும், கேஸ்கெட் ஊதும். ஃபிளாஞ்ச் முகத்தில் பெயின்ட் இருந்தாலும் இதே கதை. ஸ்டட் மரைகளில் செம்பு அல்லது நிக்கல் கலந்த ஆன்டி சீஸ் (மரை இறுகிப்போகாமல் காக்கும் பசை) மெல்லத் தடவுங்கள். மரை வழுக்குவதால், உலர்ந்த மரைக்குச் சொன்ன டார்க்கை (இறுக்கும் அளவை) அப்படியே கொடுத்தால் ஸ்டட் அளவுக்கு மீறி இழுபடும் என்பதையும் நினைவில் வையுங்கள். நடுவிலிருந்து ஓரங்களை நோக்கி இறுக்கி, இரண்டு மூன்று முறை சூடாகி ஆறிய பிறகு, குளிர்ந்த எஞ்சினில் மறுபடி ஒரு சுற்று பாருங்கள்.

ஓடிய பிறகு பூச்சு உங்களோடு பேசும், அதைக் கவனியுங்கள். எல்லா போர்ட்டுகளும் ஒரே சீராக நிறம் மாறினால் கவலையில்லை. ஒரு போர்ட்டின் கழுத்து மட்டும் வெளிறி உரிந்தால் அந்தச் சிலிண்டருக்குக் கலவை போதவில்லை என்று சந்தேகியுங்கள். அந்தப் பக்கத்து இன்லெட் (கலவை உள்ளே போகும் வழி) கேஸ்கெட்டில் காற்று உறிஞ்சுகிறதா என்று பாருங்கள். எல்லாப் பக்கமும் எரிந்தால் டைமிங்கைப் பாருங்கள். ஃபிளாஞ்ச் ஓரத்தில் விசிறி போலக் கறுப்புக் கரி படிந்தால் அது கேஸ்கெட் கசிவு. ஓரத்து ஃபிளாஞ்சில் மட்டும் துரு பூத்தால் அங்கே சூடு போதாமல் பெயின்ட் முழுதாக வேகவில்லை. வயர் பிரஷால் தேய்த்து, அசிட்டோனால் துடைத்து, ஹீட் கன்னால் இதமாகச் சூடாக்கி ஒரு மெல்லிய கோட் அடித்தால் சரியாகிவிடும். காரணத்தைச் சரிசெய்யாமல் எரிந்த இடத்தில் மேலே மேலே பெயின்ட் அடிப்பது மட்டும் வேண்டாம். அதே இடம், அதே மாதம் மறுபடி உரியும்.